பதினொரு பெட்டிகளில் ஜெசிந்தா

காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்குப் போர்ட் கிள்ளானில் ஒரு குளிர்பதனக் கிடங்கு பேச்சை நிறுத்தியது.

கிடங்கு பேசுமா என்று கேட்பவர்கள் உள்ளே போய்ப் பார்க்காதவர்கள். உறைந்த ஆட்டிறைச்சி, பட்டாணி, இறால் என்று எந்தப் பெட்டியை எடுத்தாலும் வைத்தாலும் கையிலிருக்கும் ஸ்கேனரால் அதைத் தொட வேண்டும். தொட்டால் ‘பீப்’ என்று ஒரு சத்தம். முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டே இருப்பார்கள். மழை விட்ட பிறகு எங்கள் பண்டமாரானில் லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாயில் தவளைகள் சேர்ந்து கத்துமே, அப்படி இருக்கும்.

அது நின்றது. ஒரே நொடியில் எல்லாத் தவளைகளும் வாயை மூடிக்கொண்டன.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் ஸ்கேனரைத் தொடையில் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வாயால் ஊதிப் பார்த்தார். குளிருக்குப் போட்டிருந்த தடித்த கையுறையோடு இன்னொருவர் அதைக் குலுக்கினார். எல்லார் வாயிலிருந்தும் புகை புகையாக மூச்சு வந்தது; வேறு எதுவும் வரவில்லை.

நான் லோரிகள் ஏற்றுமிடத்துச் சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு நீலக் கம்பி. அதன் நுனியை அப்போதுதான் ஒரு தட்டையான தகரப் பெட்டியில் செருகியிருந்தேன். ‘க்ளிக்’ என்றது. அந்தக் க்ளிக்குக்கும் இந்த அமைதிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை.

கிடங்கின் பொறுப்பாளர் காதர் அண்ணன் தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார்.

“சேவியர்! என்னா ஆச்சு?”

“பாக்குறேன்ணே.”

பொய். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் அதைப் பற்றி எழுதியிருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தின் மூலையில் ரொட்டியிலிருந்து ஒழுகிய காயா ஜாம் ஒட்டியிருக்கும்.

தேதிக்காரன்

எந்த வருடம், என்ன கிழமை என்று இங்கே நான் எழுதியாக வேண்டும். எழுதியும் அனுப்பினேன். இந்த வார இதழின் ஆசிரியர் வெட்டிவிட்டார். “சேவியர், வாசகர் கதை படிக்க வர்றாரு, கோர்ட்டுக்கு வரலை” என்பது அவர் கட்சி. தேதிகளை நான் விட்டுக்கொடுத்தேன். மணியை மட்டும் விட முடியாது என்றேன். ஆகவே இந்தத் தொடரில் வருடங்கள் மங்கலாகவும் நிமிடங்கள் துல்லியமாகவும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. எத்தனை மணிக்கு எழுந்தேன், ரயில் எத்தனை நிமிடம் தாமதம், மழையா வெயிலா. பழைய சீன அரசவைகளில் மன்னர் தும்மினால்கூடக் குறித்துவைக்க ஓர் ஆள் இருந்தாராம். எனக்கு மன்னர் கிடைக்கவில்லை. கோமியூட்டர் ரயில்தான் கிடைத்தது.

இரண்டு வாரத்துக்கு முன் வந்த அத்தியாயத்தில் ஒரு தீபாவளிக் காலையில் மழை பெய்தது என்று எழுதியிருந்தேன். மழை மாலையில்தான் பெய்தது என்று ஈப்போவிலிருந்து ஒரு வாசகர் மறுத்திருக்கிறார். ஈப்போவில் மாலையில் பெய்திருக்கலாம். கிள்ளானில் காலை ஆறு நாற்பதுக்கு. குறிப்பு இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு நாலு பக்கம்

கணினி வலைகளை அமைத்துக் கொடுப்பதும் கெட்டுப்போனால் சரிசெய்வதும் என் தொழில். ‘ஆலோசகர்’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆலோசனையை யாரும் கேட்பதில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறார்கள்.

இந்தத் தொழிலில் படித்து முடித்துவிட்டேன் என்று யாரும் காலை நீட்டி உட்கார முடியாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழ் காலாவதியாகிவிடும், பால் பெட்டி மாதிரி. திரும்பவும் தேர்வு. அந்த மாதக் கடைசியில் என்னுடையது காலாவதியாக இருந்தது.

மற்ற நேரமாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். போர்ட் கிள்ளான் கிடங்கோடு எங்கள் நிறுவனம் போட்டிருந்த ஒப்பந்தத்தில், அங்கே கை வைக்கும் ஆளிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. அந்தக் கிடங்கை நான் பத்து வருடத்துக்கும் மேலாகப் பார்த்து வந்தேன். அங்கே ஒவ்வொரு கம்பியும் நான் இழுத்தது. என் பண்டமாரான் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பதினொரு நிமிடம். அது கையை விட்டுப் போனால் அடுத்து எனக்குக் காத்திருந்தது ஜொகூரில் ஒரு வேலை. வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இருக்க முடியாது. ஐம்பதை நெருங்கும் வயதில் பையைத் தூக்கிக்கொண்டு விடுதி விடுதியாக அலைவதற்கு எனக்கு மனமில்லை.

ஆகவே படித்தேன். எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில். கிடங்குக்குப் போகாத நாட்களில் கிள்ளானில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குவேன். ஸ்டேஷனுக்கு நாலு பக்கம் என்று கணக்கு. பாடாங் ஜாவா வருவதற்குள் முகவரிகள். ஷா ஆலமில் பாதைத் தேர்வு. சுபாங் ஜெயாவில் கூட்டம் நெருக்கும், புத்தகத்தை யாருடைய தலைக்கு மேலாவது பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். ஒரு நாள் தலைக்குரிய ஆன்டி நிமிர்ந்து பார்த்து, “பரீட்சையா? பள்ளிக்கூடத்துல எந்த ஃபார்ம் படிக்கிறீங்க?” என்று கேட்டார். கிண்டல் பண்ணுகிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

வீட்டுக்குள் ஒரு விமானம்

புத்தகம் மட்டும் போதாது. கையால் செய்து பழக வேண்டும். அதற்காக ஒரு பழைய சுவிட்ச் வாங்கி வைத்திருந்தேன். விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. ஒரு கட்டடத்தின் கணினிக் கம்பிகளெல்லாம் வந்து சேரும் தட்டையான தகரப் பெட்டிக்கும் அதே பெயர்தான். குழம்பாமல் இருக்க இதைப் பெட்டி என்றே சொல்கிறேன்.

போட்டால் விமானம் ஏறுவது போல இரையும். என் மனைவி ஜெசிந்தா கிள்ளானில் ஒரு கிளினிக்கில் தாதி. வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றும்போதே கேட்பாள்: “இன்னைக்கு எந்த ஊருக்குப் போகுது?”

இந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒரு கட்டடத்தின் வலையைப் பல பிரிவுகளாகப் பிரிப்போம். ஸ்கேனர்களுக்கு ஒரு பிரிவு, காமிராக்களுக்கு ஒரு பிரிவு, ஆபீஸுக்கு ஒன்று. ஒரு பிரிவில் நடப்பது இன்னொன்றில் கேட்காது. இந்தப் பிரிவுகளின் பட்டியலைப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். யார் சொல்வது சரி? அதற்கு ஓர் எண் உண்டு. பட்டியலை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் அந்த எண் ஒன்று கூடும். எவனிடம் எண் பெரியதோ அவன் சொல்வதே வேதம். மற்றவர்கள் தங்கள் பட்டியலை அழித்துவிட்டு அவனுடையதை எழுதிக்கொள்வார்கள். ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

கிடங்கில் பட்டியலை வருடத்துக்கு மூன்று நான்கு முறை திருத்தினாலே அதிகம். அங்கே எண் முப்பத்தொன்பதில் இருந்தது. வீட்டில் நான் பிரிவுகளைப் போடுவேன், அழிப்பேன், திரும்பப் போடுவேன். என் பெட்டியின் எண் நானூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் உழைப்பு.

பழகுவதற்காகப் போட்ட பிரிவுகளுக்கு வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் பெயராக வைத்தேன். சமையலறையில் ஒரு மடிக்கணினி இருந்தது, அந்தப் பிரிவுக்கு மலாயில் ‘டாப்பூர்’. சாமான் அறைக்கு ‘ஸ்டோர்’. பூனை எப்போதும் பெட்டியின் சூட்டில் படுத்திருக்கும், அதற்கும் ‘பூனை’ என்று ஒன்று. மனைவியின் கைப்பேசிக்கு ‘ஜெசிந்தா’.

இன்னொன்றும் செய்தேன். நிஜமான இடத்தில் வேலை செய்வது போலவே இருக்க வேண்டும் என்று, கிடங்குப் பெட்டிகளின் குழுப் பெயரையும் கடவுச்சொல்லையும் என் பெட்டிக்கும் அப்படியே வைத்தேன். தெருவில் போகிறவன் வந்து செருகியிருந்தால் கிடங்குப் பெட்டிகள் அவனைச் சீந்தியிருக்காது. என் பெட்டி சொந்தக்காரன் மாதிரி உள்ளே நுழையும்.

கேள்வி எண் பதினான்கு

சனிக்கிழமை காலைகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோசைக் கடையில் நானும் தேவகியும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். தேவகி என் அலுவலகத்தில் வேலை செய்பவள். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவள். அதே தேர்வை அதற்கு முந்தின மாதம்தான் முதல் தடவையிலேயே முடித்திருந்தாள். அதை ஒரு தோசைக்கு ஒரு முறையாவது ஞாபகப்படுத்துவாள்.

சம்பவத்துக்கு முந்திய சனிக்கிழமை அவள் கேட்ட பதினான்காவது கேள்வி இது.

“புதுசா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டறீங்க. அதோட எண் மத்ததவிடப் பெரிசு. என்ன ஆகும்?”

“மத்ததெல்லாம் பட்டியலை அழிச்சிட்டு, புதுசு சொல்றதைக் கேக்கும்.”

“அப்போ மாட்டறதுக்கு முன்ன?”

“எண்ணைப் பூஜ்யமாக்கணும். பட்டியலையும் துடைக்கணும். இது சின்னப் பிள்ளைக்கே தெரியும் லா.”

“கரெக்ட். ஒரு வடை உங்களுக்கு.”

நாட்குறிப்பில் இருக்கிறது: ‘கேள்வி 14, சரி. வடை ஒன்று. 9.25.’

ஐம்பத்திரண்டு நிமிடம்

இனிக் கிடங்குக்குத் திரும்பலாம். அன்று காலை லோரி ஏற்றுமிடத்துப் பெட்டி ஒன்று செத்துப்போயிருந்தது. மாற்றுப் பெட்டி வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அதுவரை அந்தப் பக்கத்து ஸ்கேனர்கள் வேலை செய்யாது. எழுதித்தான் ஏற்ற வேண்டும்.

காதர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. “அண்ணே, என்கிட்ட வீட்டுல ஒண்ணு இருக்கு. மூணு நாளைக்கு இரவல் தரட்டுமா?” என்றேன்.

“கேக்கணுமா? கொண்டாங்க லா!”

மோட்டார் சைக்கிளில் பறந்து போய், பூனையைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, பெட்டியைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். உதவி செய்கிற பெருமை தலைக்கேறினால் மனிதனுக்குப் பூஜ்யமும் தெரியாது, பதினான்கும் தெரியாது. அப்படியே செருகினேன்.

க்ளிக்.

முதலில் கம்பியைப் பிடுங்கினேன். பிடுங்கினால் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. அதற்குள் கிடங்கின் பதினொரு பெட்டிகளும் என் வீட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்து முடித்திருந்தன.

கைப்பேசி அடித்தது. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து தேவகி. தூரத்திலிருந்தே பெட்டிகளைப் பார்க்கும் வழி ஒன்று எங்களிடம் உண்டு. அது மட்டும் அறுபடாமல் இருந்தது.

“அண்ணே, போர்ட் கிள்ளான்ல எல்லாம் செவப்பா இருக்கு.”

“தெரியும்.”

“பட்டியல்ல ஸ்கேனரைக் காணோம். காமிராவைக் காணோம். லோரி எடை மேடையைக் காணோம்.”

“தெரியும்.”

அவள் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே… ஜெசிந்தாங்கிறது அண்ணி பேருதானே?”

நான் கையிலிருந்த நீலக் கம்பியைக் கீழே போட்டேன்.

“பதினொரு பெட்டியிலயும் இருக்காங்க. பூனைகூட இருக்கு.”

அடுத்து அவள் அடக்கிக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. சிரிப்பை அடக்கினால் மூக்கு வழியாக ஒரு சத்தம் வரும், அது.

“சனிக்கிழமை சரியாத்தானே சொன்னீங்க?”

“வடையைத் திருப்பித் தர்றேன். இப்ப வேலையைப் பாரு.”

பிழைக்க ஒரு வழி இருந்தது. பட்டியல் அழிந்தாலும், பெட்டியிலுள்ள ஒவ்வொரு துளையும் தான் எந்த எண் பிரிவைச் சேர்ந்தது என்பதை மறக்காது. துளை துளையாகப் பார்த்து எண்களைச் சேகரித்து, பிரிவுகளை மறுபடி உண்டாக்க வேண்டும். நான் கிடங்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடி எந்தத் துளையில் என்ன செருகியிருக்கிறது என்று சொல்ல, தேவகி அங்கிருந்து எழுதினாள். எனக்கு ஸ்வெட்டர் போடவும் நேரமில்லை. காது மடல் மரத்துவிட்டது.

வெளியே லோரிகள் வரிசை கட்டின. கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றன. ஓர் ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்து, இன்னும் நேரமாகுமா என்று மலாயில் கேட்டார். “லாமா லாகி கா, boss?” பதினைந்து நிமிடம் கழித்து அவரே வந்து அதையே கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

பதினொரு மணி ஒன்பது நிமிடத்துக்கு எங்கோ ஒரு மூலையில் ‘பீப்’. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம்.

ஆளில்லாத அறிக்கைகள்

விபத்து நடந்தால் அன்று மாலை ஐந்து மணிக்குள் கிடங்கின் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். என்ன நடந்தது, எப்போது, காரணம் என்ன என்று மூன்று கட்டம்.

எங்கள் தொழிலில் எழுதப்படும் அறிக்கைகளை நான் நிறைய படித்திருக்கிறேன். அவற்றில் ஆட்களே கிடையாது. கம்பி கழன்றிருக்கும். மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும். கருவி பழுதடைந்திருக்கும். மனிதக் கை பட்ட தடம் எங்கும் இருக்காது. நூறு வருடம் கழித்துப் படிக்கிறவன், அந்தக் காலத்தில் கட்டடங்களில் யாருமே வேலை செய்யவில்லை என்றுதான் நினைப்பான்.

காதர் அண்ணன் தன் அறையில் எனக்குப் பால் விடாத தேநீர், தே ஓ, வரவழைத்தார். கதவைச் சாத்தினார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

“இடின்னு எழுதிடுங்க” என்றார். “நேத்து சாயந்திரம் இடிச்சுதுல்ல?”

“அது முந்தாநாள்ணே. நேத்து மழையே இல்ல. துணி காஞ்சிருக்கு. எழுதி வெச்சிருக்கேன்.”

“உங்க டைரியை எவன் வந்து பாக்கப் போறான்?”

“நான் பாப்பேன்ல.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தொலைபேசியில் தேவகி வேறு யோசனை சொன்னாள். “‘தவறான அமைப்புள்ள கருவி ஒன்று வலையில் இருந்தது’ன்னு போடுங்கண்ணே. பொய் இல்ல. இருந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

கெட்டிக்காரி. அதை எழுதவும் செய்தேன். எழுதிவிட்டுப் பார்த்தால் அந்தப் பெட்டி தானாக மோட்டார் சைக்கிள் ஏறி வந்ததுபோல இருந்தது.

உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆளின் தவறு என்றால் ஆளை மாற்றச் சொல்லும் உரிமை அவர்களுக்கு ஒப்பந்தத்தில் உண்டு. மாற்றினால் ஜொகூர். அதைவிடச் சங்கடமான இன்னொன்றும் இருந்தது. வெளி ஆளின் சொந்தக் கருவியை உள்ளே விட்டது யார் என்று கேட்பார்கள். விட்டது காதர் அண்ணன். அவர் இடியைப் பற்றிப் பேசியது என்னைக் காப்பாற்ற மட்டும் இல்லை என்பது தே ஓ பாதி குடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மதியம் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். அவள் பெயரை எழுதாமல் உண்மையை எழுத முடியாது. பெட்டிகளின் பதிவில் அந்தப் பெயர் இருக்கிறது. எவனாவது திறந்து பார்த்தால் தெரியும்.

“உன் பேரு போர்ட் கிள்ளான்ல பதினொரு பெட்டியில ஏறிப்போச்சு.”

“எவ்ளோ நேரம்?”

“ஐம்பத்திரண்டு நிமிஷம்.”

“என் பேரை எதுக்கு அங்க போட்டீங்க?”

“பழகறதுக்கு.”

அவள் பக்கத்திலிருந்த ஒரு நோயாளியை உட்காரச் சொன்னாள். மறுபடி போனுக்கு வந்தாள்.

“ரிப்போர்ட்ல என் பேரு வருமா?”

“வரணும்.”

“வரட்டும். ஆனா பக்கத்துல ‘மனைவி’ன்னு போடுங்க. இல்லாட்டி கோயில்ல என்னென்ன பேசுவாங்க தெரியுமா? பாதிப் பேரு போர்ட்லதான் வேலை செய்யறாங்க.”

இப்படியாக நான் அறிந்தவரை ஒரு கணினி வலை விபத்து அறிக்கையில் ‘மனைவி’ என்ற சொல் முதன்முதலாக இடம்பெற்றது. காலை 10.17: நான், சேவியர், பழகுவதற்கு வைத்திருந்த என் சொந்தப் பெட்டியை, துடைக்காமல் செருகினேன். அந்தப் பெட்டியிலிருந்த பிரிவுகள்: சமையலறை, சாமான் அறை, பூனை, ஜெசிந்தா (மனைவி). பெட்டியைக் கொண்டுவரலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன், அது எப்படிப்பட்ட பெட்டி என்று அவரிடம் சொல்லவில்லை, அவர் அனுமதித்தார்.

கடைசி வரியைக் காதர் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“சேவியர், நீங்க விழறது உங்க இஷ்டம். என்னை ஏன் லா கையைப் புடிச்சு இழுக்கறீங்க?”

“உங்க பேரை விட்டா, நான் திருட்டுத்தனமா கொண்டுவந்த மாதிரி ஆகிடும்ணே.”

அவர் தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நாலு ஐம்பத்தொன்றுக்கு அனுப்பினேன். வெளியே வந்தபோது வழக்கமாகச் சொல்லும் ‘பாத்துப் போங்க’ வரவில்லை.

பாக்கெட்டைத் திருப்பிக் காட்டு

தலைமையகத்தின் பதில் ஒரே பத்தி. சேவியர் தேர்வை முடிக்கும்வரை கிடங்கில் எதையும் தொடக் கூடாது. அதுவரை தேவகி பார்ப்பார். முடித்த பிறகும், கிடங்குப் பொறுப்பாளர் எழுத்தில் சம்மதித்தால்தான் திரும்பலாம். அந்தப் பொறுப்பாளருக்கும் தனியாக ஒரு கடிதம் வந்தது என்று தேவகி சொன்னாள். அதில் என்ன இருந்தது என்று காதர் அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. அவர் என் போனையும் எடுக்கவில்லை.

சான்றிதழ் காலாவதியாக ஒன்பது நாள் இருந்தது. ஒரே ஒரு வாய்ப்பு. ரயிலில் ஸ்டேஷனுக்கு நாலு பக்கம் என்பது எட்டாயிற்று. அப்துல்லா ஹுக்கும் ஸ்டேஷனில் ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, காதர் அண்ணனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அதற்குப் புத்தகம் கிடைக்கவில்லை.

தேர்வு மையத்தில் வாட்சைக் கழற்றச் சொன்னார்கள். பாக்கெட்டுகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார்கள். நாட்குறிப்பை அலமாரியில் பூட்டியபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அன்று எத்தனை மணிக்குத் தேர்வு தொடங்கியது என்று சுமாராகத்தான் தெரியும். இந்தத் தொடரில் நான் வெட்கப்படும் இடம் இது ஒன்று.

கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே சொல்லவில்லை. ஒரு கேள்வியைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் என்பதை மட்டும் சொல்லலாம். கண்காணிக்கும் அம்மா எழுந்து வந்தார்.

“Uncle, okay ah?”

“Okay,” என்றேன். “தெரிஞ்ச ஆள்.”

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

தேறினேன். அதிகமாக இல்லை, தேவையானதைவிடக் கொஞ்சம் மேலே. தேவகியின் மதிப்பெண்ணைவிடக் கொஞ்சம் கீழே. அந்த இரண்டாவது தகவலை நான் எழுதாவிட்டால் அவள் ஆசிரியருக்குக் கடிதம் போடுவாள்.

கையெழுத்து

அடுத்த திங்கள் காலை போர்ட் கிள்ளானுக்குப் போனேன். தேவகியும் வந்திருந்தாள். இறந்துபோன பெட்டிக்குப் பதிலான புதியது, மூன்று நாள் என்றது இழுத்துக்கொண்டே போய், முந்தின வெள்ளிக்கிழமைதான் வந்து அட்டைப்பெட்டியில் கிடந்தது. அதை மாட்ட வேண்டும்.

“நான் மாட்டிடுவேன்ணே” என்றாள். “ஆனா நீங்கதான் செய்யணும். இல்லாட்டி இனிமே உங்களை யாரும் செய்ய விட மாட்டாங்க.”

காதர் அண்ணன் கண்ணாடி அறையில் இருந்தார். நான் கதவைத் தட்டி, சான்றிதழின் நகலையும் சம்மதப் படிவத்தையும் மேசையில் வைத்தேன். சான்றிதழை அவர் தொடவில்லை.

“இதுல நீங்க கெட்டிக்காரன்னு போட்டிருக்கு. போன தடவையும் கெட்டிக்காரன்தானே?”

“ஆமாண்ணே.”

“எனக்கு வந்த கடுதாசியில என்னா போட்டிருந்தான் தெரியுமா? இந்த வேலையில இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு கடுதாசி வந்ததில்ல.”

“என்னால வந்திச்சு. மன்னிச்சிடுங்கண்ணே. ஆனா திரும்பவும் எழுதச் சொன்னா அதேதான் எழுதுவேன்.”

“அது தெரியும் லா. அதான் கடுப்பு.” படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார், கையெழுத்துப் போடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “முதல்ல ரிப்போர்ட் எழுதுங்க.”

“எதுக்கு? இன்னும் ஒண்ணும் நடக்கலையே.”

“அதுக்குத்தான். நடந்தப்புறம் எழுதறீங்க, நான் மாட்டிக்கிறேன். இனிமே கைய வைக்கறதுக்கு முன்ன எழுதுங்க. என்னா செய்யப்போறீங்க, எது கெட்டுப்போகும், கெட்டா எப்படித் திருப்புவீங்க. நான் படிச்சுப் பாத்து விடறேன். தெரிஞ்சு விட்டேன்னா கடுதாசி வந்தா வரட்டும்.”

உட்கார்ந்து எழுதினேன். பெட்டியைத் துடைத்தாயிற்று, எண் பூஜ்யம், தேவகி சரிபார்த்தாள். தவறினால் ஸ்கேனர்கள் நிற்கலாம். திருப்ப ஐந்து நிமிடம். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி வரி வரியாக வாசித்தார். ‘பூஜ்யம்’ என்ற இடத்தில் விரலை வைத்துத் தேவகியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். பேனாவை எடுத்து, தாளிலும் படிவத்திலும் கையெழுத்துப் போட்டார்.

பிறகு இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தார். கிடங்கு முழுக்கக் கேட்கும்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. பத்து மணி அஞ்சு நிமிஷம். லோரிப் பக்கம் புதுப் பெட்டி மாட்டறாங்க. நெட் நிக்கலாம், நிக்காமலும் போகலாம். செய்யறது யாருன்னு ரிப்போர்ட்ல இருக்கு.” விரலை எடுக்காமல் ஒரு நொடி என்னைப் பார்த்தார். “விட்டது நான்தான். அதுவும் இருக்கு.”

வாக்கிடாக்கியை மேசையில் வைத்துவிட்டு, கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டார்.

“பாத்துப் போங்க” என்றார்.